இடிஞ்ச சுவருக்குப் பேர் வச்சவ

இடிஞ்ச ஊரைக் காட்டிப் பிழைக்கிற எங்க தொழில்ல முதல்ல போறது முழங்கால், அடுத்தது தொண்டை, கடைசியாத்தான் வேலை போகும். எனக்கு இந்த வரிசை கொஞ்சங்கூடத் தப்பல.

ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துல காலையில ஆறரைக்கு ஒரு வெள்ளை வேன் நிக்கும். உத்தரகோசமங்கை, பாம்பன் பாலம், ராமேஸ்வரம், தனுஷ்கோடி, எல்லாத்தையும் ஒரே நாள்ல காட்டிட்டு இருட்டுறதுக்குள்ள திருப்பிக் கொண்டாந்து விடுற வேன். அதுல டிரைவர் சீட்டுல முதுகை முட்டுக் குடுத்து நின்னுக்கிட்டே பதினோரு வருஷம் பேசினவ நான். அதுக்கு முன்னாடி ஒரு பிரைவேட் ஸ்கூல்ல வரலாறு டீச்சர். அதனால டிரைவர் சாகுல் அண்ணன்ல இருந்து இளநி வெட்டுறவர் வரைக்கும் எல்லாருக்கும் நான் டீச்சர்தான். வீட்டுக்காரர் துபாய்ல சாரத்துல இருந்து விழுந்து இடுப்பு போய் ஊருக்கு வந்தவர். வீட்ல சம்பாதிக்கிற ஆள் நான் ஒருத்தி. இந்த வேலை நின்னா அடுப்பு நிக்கும். இதை முதல்லயே சொல்லிடுறேன், ஏன்னா பின்னால வாரதெல்லாம் இதுலதான் போய் முட்டும்.

கண்டக்டர், வாத்தியார், மீன் ஏலம் விடுறவர்னு தொண்டையை வித்துச் சாப்பிடுற நம்ம ஆளுகளுக்கு இதெல்லாம் புதுசா இருக்காது. பக்கத்துல உக்காந்து தலையாட்டிக்கிட்டே கேளுங்க, போதும்.

அறுபது வருஷம்கூட நிக்கல

சென்னையில இருந்து ஒரு ரிட்டயர்டு ஆபீசர் வந்தார். மகன் அமெரிக்காவுல இருக்கானாம். போன வருஷம் அவன் அப்பாவை மெக்சிகோ கூட்டிட்டுப் போய், மாயன்காரங்க கட்டின பழைய கோயிலை ஒருநாள் டூர்ல காட்டியிருக்கான். அந்தப் பெருமை உத்தரகோசமங்கை வர்ற வரைக்கும் ஓடுச்சு, பாம்பன் வர்ற வரைக்கும் ஓடுச்சு, தனுஷ்கோடி வந்தும் நிக்கல. ஆயிரம் வருஷத்துக்கு மேல ஆச்சாம், காட்டுக்குள்ள படிப்படியா அப்படியே நிக்குதாம், ஒரு கல்லு நகரலையாம்.

தனுஷ்கோடியில சர்ச்சு கிட்ட இறங்கினார். கூரை இல்ல, ஜன்னல் இல்ல, நாலு பக்கமும் மணல். அறுபத்து நாலாம் வருஷப் புயல்ல ஒரே நாள்ல ஊரே போன கதையை நான் மூச்சுப் பிடிச்சுச் சொல்றேன். ரயில் போனதைச் சொல்றேன், ஜனம் போனதைச் சொல்றேன். சுவரு பவளப்பாறைக் கல்லுல கட்டினதுன்னு தொட்டுக் காட்டுறேன். அவர் அந்தக் கல்லை நகத்தால சுரண்டிப் பார்த்தார். உதிர்ந்த தூளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கொத்தனார் வேலை பார்த்ததே நான்தாங்கிற மாதிரி ஒரு பார்வை.

"கட்டும்போதே கொஞ்சம் சிமெண்ட்டு சேர்த்துப் போட்டிருக்கலாமே மேடம், மாயன்காரன் எப்படிக் கட்டியிருக்கான் தெரியுமா?"

சந்தனத்துக்குள்ள மரகதம்

உத்தரகோசமங்கைதான் எங்க முதல் நிறுத்தம். அங்கன மரகத நடராஜர் வருஷம் பூராவும் சந்தனக் காப்புக்குள்ளதான் இருப்பார். ஆருத்ரா தரிசனம் வர்றப்பதான் காப்பைக் களைவாங்க. இதை நான் வேன்ல ஒருதரம் சொல்வேன், கோபுர வாசல்ல ஒருதரம், உள்ள ஒருதரம். மூணு தரமும் தலையாட்டுவாங்க. கம்பிக் கதவுகிட்டப் போய் நின்னதும், பச்சையா எங்க தெரியுதுன்னு என்னையே கேப்பாங்க.

ஒரு கோயம்புத்தூர் அம்மா சந்தனத்தை உத்து உத்துப் பார்த்தாங்க. கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுப் பார்த்தாங்க. நான் நாலாந்தரமும் சொன்னேன். மணிச் சத்தத்துக்கு மேல கத்திச் சொல்லணும், அதுலதான் தொண்டை முதல்ல கீறல் விட்டுச்சுன்னு நினைக்கிறேன். அவங்க பொறுமையா முழுசும் கேட்டுட்டு, பையில இருந்து எங்க கம்பெனி நோட்டீசை எடுத்து விரிச்சு என் முகத்துக்கு நேரா காட்டினாங்க.

"ஏனுங்க, அப்ப இதுல பச்சைக் கலர்ல போட்டது எதுக்குங்க?"

பாலம் எப்பத் தூக்கும்

பாம்பன்ல ரோட்டுப் பாலத்து மேல நின்னு ரயில் பாலத்தைப் பாக்காம யாரும் போறதில்ல. கப்பல் வந்தா ரயில் பாலம் நடுவுல மேல தூக்கும். கப்பல் எப்ப வரும்னு எனக்குத் தெரியாது. தெரியாதுன்னு சொன்னா யாரும் நம்புறதில்ல. சுவிட்சை முந்தானையில முடிஞ்சு வச்சுக்கிட்டு இல்லேங்குறேன்னு நினைப்பு.

மதுரையில இருந்து ஒரு பெரிய குடும்பம், பதினாலு பேரு, ஒரே மாதிரி மஞ்சள் தொப்பி. முக்கால் மணி நேரம் அசையமாட்டேன்னு நின்னாங்க. தனுஷ்கோடிக்கு நேரமாச்சு, சாயங்காலமானா செக்போஸ்ட்ல விடமாட்டாங்கன்னு கெஞ்சுறேன். குடும்பத்துப் பெரியம்மா என் கையைப் பிடிச்சு ஓரமாக் கூட்டிட்டுப் போய், ரகசியமா ஒரு வழி சொல்லிக் குடுத்தாங்க.

"நாங்க மதுரையில இருந்து வந்திருக்கோம்னு மட்டும் சொல்லிப் பாரு தாயி, தூக்கிருவாய்ங்க."

பேர் இல்லாத சுவரு

இனி எங்க தொழில் ரகசியம் ஒண்ணு. தனுஷ்கோடியில சர்ச்சு, ஸ்டேஷன், தண்ணித் தொட்டி இதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். அதைத் தாண்டி மணலுக்குள்ள அங்கனயும் இங்கனயும் முட்டிக்கிட்டு நிக்கிற சுவருக எதுன்னு யாருக்கும் சரியாத் தெரியாது. போர்டும் கெடையாது. வேன்ல பேசுறவங்கதான் ஒவ்வொண்ணுக்கும் ஒரு பேர் வச்சிருக்கோம். ஒருத்தர் வச்ச பேரை இன்னொருத்தர் மாத்தக் கூடாது. ஏன்னா நாலு வேன் பக்கத்துல பக்கத்துல நிக்கும். ஒரே சுவரை நான் ஆஸ்பத்திரின்னும் அடுத்தவர் சுங்க ஆபீசுன்னும் சொன்னா, ரெண்டு வேன் ஜனமும் நடுவுல கூடிப் பேசி எங்க ரெண்டு பேரையும் சட்டையைப் பிடிக்கும்.

நான் சேர்ந்த மாசம் கோடியில ஒரு சுவரு பேர் இல்லாம கெடந்துச்சு. நாலு சின்ன அறை. நடுத் தடுப்பெல்லாம் இடுப்பளவுதான். ஒரு பக்கச் சுவர்ல மட்டும் கரேல்னு ஒரு சதுரம். எனக்குப் பார்த்த உடனே கரும்பலகை ஞாபகம் வந்துச்சு. தடுப்பு ஏன் இடுப்பளவு? சின்னப் பிள்ளைக பள்ளிக்கூடம்ல, டீச்சர் ஒரு இடத்துல நின்னு நாலு வகுப்பையும் பாக்கணும்ல. இப்படி நானே கேள்வி கேட்டு நானே பதிலும் சொல்லிக்கிட்டேன். அடுத்த வாரத்துல இருந்து அந்தக் கரும்பலகைக்கு முன்னாடி ஒரு டீச்சரும் வந்துட்டா. புயல் அன்னைக்குச் சாயங்காலம் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிட்டு, கடைசியா பலகையைத் துடைச்சவ. ஜனம் அழுவும். சில நாள் நானும் அழுதிருக்கேன், பொய் சொல்லல.

ஆனாலும் மனசு உறுத்துச்சு. எங்கள்ல ரொம்பக் காலமா வேன் ஓட்டிக் கதை சொல்ற மூத்தவர் ஒருத்தர்கிட்டப் போய், நானா ஒரு பேர் வச்சிட்டேன், தப்பில்லையான்னு கேட்டேன். அவர் வெத்தலையைத் துப்பிட்டு வந்து நிதானமாச் சொன்னார்.

"பேர் இல்லாத சுவருக்கு எவனும் வேனை விட்டு எறங்க மாட்டான் டீச்சர்."

மருந்து

போன வருஷம் கோடையில சத்தம் உடைய ஆரம்பிச்சுது. சர்ச்சுல ஆரம்பிக்கிற குரல் ஸ்டேஷன் வர்றதுக்குள்ள காத்தாப் போயிரும். ராமநாதபுரத்துல தொண்டை டாக்டரைப் பார்த்தேன். உள்ள சின்னதா முடிச்சு விழுந்திருக்கு, பதினஞ்சு நாள் வாயைத் திறக்கக் கூடாது, கிசுகிசுன்னுகூடப் பேசக் கூடாதுன்னுட்டார். மீறினா குரல் திரும்பாதாம். பேச்சில்லாட்டி எனக்கு வேன்ல என்ன வேலை?

வீட்டுக்கு வந்து டாக்டர் சொன்னதை ஒரு பேப்பர்ல எழுதி வீட்டுக்காரர் கையில குடுத்தேன். அவர் கட்டில்ல சாஞ்சபடியே ரெண்டு தரம் படிச்சார். ஆறுதலா ஏதாச்சும் சொல்லுவார்னு பார்த்தேன்.

"கல்யாணமாகி இருபத்து மூணு வருஷத்துல எனக்குன்னு ஒரு டாக்டர் மருந்து எழுதியிருக்கான்னா அது இதுதான்."

ஒரே ஒரு நாள்

பேப்பரை எடுத்துக்கிட்டு வேன் முதலாளியைப் போய்ப் பார்த்தேன். வேலையை விட்டு எடுத்துருவாருன்னுதான் போனேன். அவர் கோபப்படல. நாற்காலி போட்டு, டீ சொல்லி, ஒரு யோசனை சொன்னார். மௌனத்தை ஒரே ஒரு நாள் தள்ளிப் போடுங்க, வேன்ல பேசுறது எல்லாத்தையும் ஒருதரம் போன்ல பதிஞ்சு குடுத்துருங்க, நீங்க பேசாத நாள்ல அது பேசட்டும்னார். எனக்கு அவர் தெய்வமாத் தெரிஞ்சார். இந்தக் காலத்துல யார் இப்படி யோசிப்பா?

ஜன்னலுக்குப் போர்வையைக் கட்டி, பக்கத்து வீட்ல மிக்சி போடாதீங்கன்னு சொல்லி வச்சு, சுடுதண்ணியைக் குடிச்சுக் குடிச்சுப் பேசி முடிச்சேன். பதினோரு வருஷத்துல நான் நல்லாப் பேசின பேச்சு அதுதான். யாரும் குறுக்க பாத்ரூம் கேக்கல. பள்ளிக்கூடத்து டீச்சர் பலகையைத் துடைக்கிற இடத்துல குரல் தழுதழுத்துச்சு, அதையும் அப்படியே விட்டேன். மறுநாள் முதலாளி ஹெட்போன் மாட்டிக் கேட்டார். கேட்டு முடிச்சு முகமெல்லாம் பூரிச்சுப் போச்சு.

"நேர்ல பேசுறதை விட இதுல நல்லா இருக்கு டீச்சர், இதுக்கு இருமல் வராது பாருங்க."

வலப்பக்கம் தெரியுற சர்ச்சு

பதினஞ்சு நாளும் வீட்ல கெடந்தா முதலாளி என்னை மறந்துருவார்னு பயம். வாயைக் கட்டிக்கிட்டு வேன்ல போனேன். தலை எண்ணுறது, தண்ணி பாட்டில் குடுக்குறது, இதுதான் வேலை. பென் டிரைவ்ல ஏத்தின என் குரலு ஸ்பீக்கர்ல பேசும். எந்த இடத்துல எதைப் போடணும், எங்க நிறுத்தணும்னு சாகுல் அண்ணன் பொறுப்பு. அவர் புதுமடத்துக்காரர், கடல்ல வல்லம் ஓட்டின கை. ஸ்டியரிங் அவர் சொன்னபடி கேக்கும், பென் டிரைவ் கேக்காது.

மத்தியானம் ராமேஸ்வரத்துல பரோட்டாக் கடை வாசல்ல வண்டியை நிப்பாட்டினார். ஸ்பீக்கரை நிப்பாட்டல. 'உங்கள் வலப்பக்கம் தெரிவது, புயலில் சிதைந்த தேவாலயம்'னு என் குரலு சுத்தத் தமிழ்ல முழங்குது. வேன்ல எல்லாரும் வலப்பக்கம் திரும்பினாங்க. அங்கன பாதி கட்டி நிக்கிற ஒரு லாட்ஜு, கம்பி நீட்டிக்கிட்டு. ஒருத்தர் நெஞ்சுல கை வச்சு உச்சுக் கொட்டினார். ரெண்டு பேரு போட்டோ எடுத்தாங்க. நான் பேச முடியாம ரெண்டு கையையும் ஆட்டுறேன், டாட்டா காட்டுறேன்னு நினைச்சு ஒரு குழந்தை திருப்பிக் கையை ஆட்டுது. சாகுல் அண்ணன்தான் என்னைச் சமாதானப்படுத்தினார்.

"விடுங்க டீச்சர், போட்டோ எடுத்துட்டாங்கள்ல, இனிமே அதான் சர்ச்சு."

தொண்டிக்காரர்

பதினஞ்சு நாள் முடிஞ்சுது. குரல் திரும்பி வந்துச்சு, ஆனா பழைய குரல் இல்ல. கரகரன்னு, தணிஞ்சு, நாலாவது சீட்டுக்கு மேல போகாது. முதலாளி, அவசரப்படாதீங்க, பதிவே ஓடட்டும்னார். நானும் சரின்னு தலையை எண்ணிக்கிட்டு இருந்தேன். அப்ப ஒரு நாள் தொண்டியில இருந்து ஒரு பெரியவர் வந்தார். எழுபது வயசு இருக்கும். கூட மகளும், லீவுல வந்திருந்த சவுதி மருமகனும். காலையில ஏறினதுல இருந்து அவர் வாயே திறக்கல. பிரியாணி எப்பன்னு மட்டும் ரெண்டு தரம் கேட்டார்.

தனுஷ்கோடியில என் சுவருகிட்ட வண்டி நின்னுச்சு. பதிவுல டீச்சர் பலகையைத் துடைச்சிக்கிட்டு இருக்கா. பெரியவர் பாட்டுக்குக் கைலியை ஒரு கையில பிடிச்சுக்கிட்டு மணல்ல நேரா நடந்து போனார். இடுப்பளவு தடுப்பு மேல கை வச்சு நின்னார். பின்னாலயே போன என்கிட்ட, இது பள்ளிக்கூடம்னு யார் சொன்னதும்மான்னு கேட்டார். அவரே சொன்னார். இது கருவாட்டுக் கொட்டடி. நான் வகுப்புன்னு நினைச்ச நாலும் மீனுக்கு உப்புப் போடுற தொட்டி. கரும்பலகைன்னு நினைச்சது தாரு, உப்பு அரிக்காம இருக்கப் பூசுறது. அவரோட அத்தாவுக்கு, அதான் அப்பாவுக்கு, இங்கதான் வேலை. புயலுக்கு ரெண்டு நாள் முன்னாடி ஒரு கல்யாணத்துக்காக உம்மாவும் இவரும் தொண்டிக்குப் போயிட்டாங்க. அத்தா சரக்கு கெடக்குன்னு போகல. அதோட சரி.

இல்லாத ஒரு டீச்சருக்காக ஊரு பூராவும் அழ வச்சிருக்கேன். நெசமாவே அங்கன நின்ன மனுஷனைப் பத்தி ஒரு வார்த்தை சொன்னதில்ல. வெக்கமா இருந்துச்சு. மன்னிச்சுக்கங்கய்யா, பள்ளிக்கூடம்னு நினைச்சுட்டேன்னேன். அவர் கோபப்படல, தாரைத் தடவிப் பார்த்துக்கிட்டே சொன்னார்.

"பள்ளிக்கூடமா இருந்திருந்தா நான் நாலு எழுத்துப் படிச்சிருப்பேனேம்மா, சின்னதுல நாள் பூராவும் இதுக்குள்ளதான கெடந்தேன்."

கண்ணீரும் மூக்கும்

மறுநாள் காலையில முதலாளி ஆபீசைத் திறக்கிறதுக்கு முன்னாடி போய் நின்னேன். ஒரே ஒரு இடத்தை மட்டும் மாத்திப் பேசிக் குடுக்குறேன், பள்ளிக்கூடத்தை எடுத்துட்டுக் கொட்டடியைச் சேர்த்துக்கலாம்னு சொன்னேன். அவர் என் குரலைக் கேட்டார். சொன்ன விஷயத்தைக் கேக்கல, குரலை மட்டும் கேட்டார். நடுவுல இந்தக் கரகரப்பு வந்தா வேற ஆளு பேசுற மாதிரி இருக்கும்னார். மத்த வேன்காரங்களும் பள்ளிக்கூடம்னுதான சொல்றாங்கன்னார். அதுவும் நான் வச்ச பேருதான்.

அப்புறம் நாற்காலியை இழுத்துப் போட்டு, இந்த ஞாயித்துக்கிழமை மட்டும் வாங்க டீச்சர், அடுத்த வாரத்துல இருந்து தலையைச் சாகுலே எண்ணிக்குவாருன்னார். இவ்வளவு லேசா ஒரு வேலை போகும்னு எனக்குத் தெரியாது. அழக் கூடாதுன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு, போறதுதான் போறேன், அந்தச் சுவரையாவது சரி பண்ணிட்டுப் போறேனேன்னு கேட்டேன். அவர் என்னைப் பரிதாபமாப் பார்த்தார், வியாபாரம் தெரியாதவளைப் பாக்குற மாதிரி.

"பள்ளிக்கூடம்னா ஜனம் கண்ணைத் துடைக்கும் டீச்சர், கருவாட்டுக் கொட்டடின்னா மூக்கைப் பொத்தும்."

கடைசி ஞாயித்துக்கிழமை

வேன் நிறைஞ்சு வந்துச்சு. திருச்சிக்காரங்க, சேலத்துக்காரங்க, எல்லாரும் நல்ல மாதிரி. காலையில இருந்து பாட்டில் குடுத்தேன், எண்ணினேன், குடுத்தேன், எண்ணினேன். முன்னால ஸ்பீக்கர்ல என் நல்ல குரலு கணீர்னு பேசிக்கிட்டே வருது. அது பேசுறதை இப்பத்தான் ஒரு பயணி மாதிரி உக்காந்து கேட்டேன். நல்லாத்தான் பேசியிருக்கேன்.

சுவருகிட்ட வண்டி நின்னுச்சு. சாகுல் அண்ணன் கண்ணாடியில என்னைப் பார்த்தார். ஸ்பீக்கர்ல பிள்ளைக வீட்டுக்குப் போறாங்க, டீச்சர் துணியை எடுக்குறா. நான் எந்திரிச்சு நின்னேன். இருக்கிற சத்தத்தை எல்லாம் கூட்டி, இது பள்ளிக்கூடம் இல்லீங்க, கருவாட்டுக் கொட்டடி, இங்கன ஒருத்தர் வேலை பார்த்தார், அவர் மகன் தொண்டியில இருக்கார்னு சொன்னேன். ரெண்டாவது சீட்டுல இருந்த ஒரு அம்மா முந்தானையால கண்ணைத் துடைச்சுக்கிட்டே திரும்பி, உதட்டுல விரலை வச்சாங்க.

"பாட்டில் குடுக்க வந்தா குடுத்துட்டுச் சும்மா உக்காரும்மா, அந்த டீச்சர் எவ்வளவு அனுபவிச்சுச் சொல்றாங்க, கேக்க விடு."

நான் பேசும்போது யாராவது ஒருத்தர் மத்தவங்களை அதட்டி அடக்க மாட்டாங்களான்னு பதினோரு வருஷம் ஏங்கினேன், கடைசி நாள்ல அதட்டத்தான் செஞ்சாங்க, அடங்கினது நானு.